மலிவான ஊர்

ஓய்வு பெற்ற மனிதர்களைக் கண்டால் எனக்குச் சற்றுப் பயம். அவர்களிடம் நிறைய நேரம் இருக்கிறது. அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. பாங்கு வட்டி, மருந்துச் செலவு, பேரனுக்குப் பிறந்த நாள் சட்டை, தாம் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடிருக்கப் போகிறோம் என்ற உத்தேசம் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கடைசி இனத்தில் மட்டும் யாரும் தாராளம் காட்டுவதில்லை. கூட்டிப் போட்டால் கணக்கு உதைக்கும்.

2023 ஆகஸ்டில் நெய்வேலியில் அப்படி ஒரு நோட்டைப் படிக்க நேர்ந்தது. ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசப் போனவன், நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினேன். முப்பத்தைந்து வருஷம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு அந்த வருஷந்தான் அவர் ஓய்வு பெற்றிருந்தார். டவுன்ஷிப் வீடு உத்தியோகத்தோடு வந்தது, உத்தியோகத்தோடு போய்விடும். காலி செய்யும் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் ஏறியிருந்தன. அவர் மனைவி நட்டு வளர்த்த மாமரம் மட்டும் எந்தப் பெட்டியிலும் ஏறாமல் கொல்லையில் நின்றது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை விரித்தார். ஒரு பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'யாழ்ப்பாணம்' என்று எழுதியிருந்தது.

"நீங்க சிரிக்கக் கூடாது, ஸார். நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். சென்னையிலே வாடகை கொடுத்து மாளாது. பையன் இருக்கிற பெங்களூரைக் கேட்கவே வேண்டாம். நம்ம ஒரு ரூபா அங்கே கிட்டத்தட்ட நாலு ரூபா. தமிழ் பேசற ஊர். கோயில் இருக்கு, கடல் இருக்கு, தோசை இருக்கு. சென்னையிலே ஏறினா ஒன்றரை மணி நேரத்திலே இறங்கிடலாம். ஐம்பத்தைந்து வயசு தாண்டின வெளிநாட்டுக்காரன், பாங்கிலே டாலர் போட்டு வச்சு, மாசா மாசம் டாலர் வரவழைச்சுச் செலவு பண்ணினா, தங்கறதுக்கு விசாவும் கொடுக்கறாங்க. வேறே என்ன வேணும்?"

நான் சிரித்துத்தான் விட்டேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. கணக்குத் தெரியாதவன் சிரிக்கத்தான் செய்வான் என்று நினைத்திருப்பார்.

இது அவர் ஒருவருடைய யோசனை அன்று. பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பெயினுக்கும், அமெரிக்கர்கள் மெக்ஸிகோவுக்கும், ஜப்பானியர்கள் மலேசியாவுக்கும் முதுமையைக் கழிக்கப் போகிறார்கள். பிலிப்பைன்ஸ் சர்க்கார் வெளிநாட்டுக் கிழவர்களை வரவழைப்பதற்கென்றே 1985-இல் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. தாய்லாந்தில் ஐம்பது வயதானவர் 8,00,000 பாட், அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய இருபது லட்சம், பாங்கில் காட்டினால் ஒரு வருஷம் தங்கலாம். பிறகு வருஷந்தோறும் புதுப்பித்துக் கொள்ளலாம். ஆனால் வேலை பார்க்கக் கூடாது. தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை, 'இன்ன முகவரியில் இருக்கிறேன்' என்று குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் ஊரில் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் ஒரு ரகத்தாரை எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்து அந்த வரிசையில் சேருவதற்குச் 'சுகமான ஓய்வு வாழ்க்கை' என்று பெயர்.

இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். கடல் கடப்பது ஆகாது என்று சொல்லும் கட்சிக்காரன் அல்லன் நான். தமிழன் போகாத கடல் இல்லை. என் எதிர்ப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று புத்தி சம்பந்தப்பட்டது. மற்றது நியாயம் சம்பந்தப்பட்டது.

முதலில் புத்தி. அயல் மண்ணில் அந்நியனாக வைத்திருக்கும் சேமிப்பு, அந்த ஊர் சர்க்கார் நல்ல மனத்தோடு எழுந்திருக்கும் வரையில்தான் சேமிப்பு. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த தமிழர்களை நினைத்துப் பாருங்கள். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகள் சர்க்கார் உடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது கியாத், நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கில் இந்தியர்கள் வெளியேறினார்கள். வயோதிக காலத்துக்கென்று ரங்கூனில் பூட்டி வைத்ததை ரங்கூனிலேயே விட்டுவிட்டு, சென்னையில் கடற்கரை ஸ்டேஷன் எதிரே நடைபாதையில் கடை விரித்தவர்கள் உண்டு. பர்மா பஜார் என்று நாம் போய்ச் சாமான் வாங்குவது அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தில்தான்.

அது ராணுவ ஆட்சி என்பீர்கள். நாகரிகமான நாடுகளையே பார்ப்போம். மலேசியா 2002-இல் வெளிநாட்டாரைத் தன் நாட்டில் இரண்டாம் வீடு அமைத்துக் கொள்ள அழைத்தது. மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்டினால் போதும் என்ற நிபந்தனையை 2021-இல் ஒரேயடியாக 40,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. பிரிட்டிஷ் சர்க்கார் தன் பென்ஷனை ஆண்டுதோறும் உயர்த்துகிறது. ஆனால் பென்ஷன்காரர் இந்தியாவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ போய்க் குடியிருந்தால் அந்த உயர்வு இல்லை. எந்தத் தொகையோடு போனாரோ அதே தொகைதான் சாகிற வரையில். பென்ஷனோடு போனவர் இருபது வருஷம் கழித்தும் அதே சட்டைப்பையோடு கடைக்குப் போக வேண்டும். விதி மாறும்போது இளைஞன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். கிழவன் என்ன செய்வான்? ஓட்டு இல்லை, ரேஷன் கார்டு இல்லை, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

இவையெல்லாம் புத்திமான்களுக்குத் தெரிந்தவைதாம். எச்சரிக்கையாக இருந்து சமாளித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். நியாயத்தைப் பற்றிய என் வாதத்துக்கு வருகிறேன். அதற்கு வாசகர்கள் என்னோடு வளையமாதேவி வரையில் வர வேண்டும்.

மறுநாள் காலை நண்பர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வளையமாதேவியில் அவருடைய தாய்மாமன் இருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யுமுன் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். வடலூரைக் கடக்கும்போது தரும சாலையைக் காட்டினார். பசியென்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போட வள்ளலார் 1867-இல் தொடங்கிய இடம். "யாழ்ப்பாணக் கணக்கு தப்பிப் போச்சுன்னா இங்கே வந்து உட்கார்ந்துட வேண்டியதுதான்" என்று வேடிக்கையாகச் சொன்னார். சேத்தியாத்தோப்புச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம்.

அங்கே நடந்தது அப்போது ஊர் உலகமெல்லாம் தெரிந்த செய்தி. ஜூலை 26-ஆம் தேதி, சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்குப் புது வாய்க்கால் வெட்டும் வேலை, போலீஸ் காவலோடு, மேல் வளையமாதேவி வயல்களில் தொடங்கியது. வயல்களில் நெற்பயிர் நின்றது. மண் வெட்டும் யந்திரங்கள் பயிரின்மேல் ஏறின. நிலம் 2006-க்கும் 2013-க்கும் இடையிலேயே எடுக்கப்பட்டது, இழப்பீடும் கொடுக்கப்பட்டது, பயிர் செய்ய வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது என்பது நிறுவனத்தின் கட்சி. எடுத்த நிலத்தைப் பத்து வருஷம் சும்மா போட்டு வைத்தால் விவசாயி உழாமல் என்ன செய்வான் என்பது எதிர்க் கட்சி. உயர் நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி, அறுவடை வரையில் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாங்கள் போனபோது புதிதாக வெட்டிய மண் இரு பக்கமும் குவிந்து கிடந்தது. அதற்கு அப்பால் எஞ்சியிருந்த பயிர் பச்சைப் பசேலென்று காற்றில் அசைந்து கொண்டிருந்தது. பாதி வயல் போனதை மீதி வயல் அறியவில்லை.

மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது. அவருடைய நிலத்துக்குப் பணம் எப்போதோ வந்து, எப்போதோ செலவாகியும் விட்டது. மருமகன் தன் யாழ்ப்பாணத் திட்டத்தை விஸ்தாரமாகச் சொன்னார். கிழவர் முழுக்கக் கேட்டுக் கொண்டார்.

"அங்க உனக்கு என்னா இருக்குது, மாப்ள?"

"செலவு கம்மி, மாமா."

"செலவு கம்மின்னா எனக்கு இங்கதான் கம்மி. நெலம் இருந்த வரைக்கும் உப்பும் துணியுந்தான் கடையில வாங்குனது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பணம் வந்துச்சிங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். வந்த அன்னிக்கே மூணு பாகமா போயிடிச்சி. மூணு புள்ளைங்க. நெலம் என் பேர்ல இருந்தப்ப மூணு மருமவளும் மாமா மாமான்னு கூப்புட்டு சோறு போட்டாங்க. இப்ப யார் வூட்டுல எத்தினி நாளுன்னு கணக்கு வச்சிருக்காங்க."

புகார் சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்தது.

பொருளாதார நிபுணர்கள் நிலத்தை 'உற்பத்திச் சாதனம்' என்கிறார்கள். கிழவனுக்கு அது அதைவிடப் பெரியது. உழ முடியாமல் போனபிறகு குத்தகைக்கு விட்டு நெல் அளந்து வாங்கலாம். விற்க முடியும் என்ற ஒரு சாத்தியமே வீட்டில் அவனுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கும். அவனுடைய உபகாரச் சம்பளம், வைத்தியச் செலவு, குடும்பத்தில் கௌரவம் மூன்றும் அந்த ஒரு காணிக்குள் அடக்கம். அதை ஏக்கர் விலை பேசி வாங்குகிறவர்கள் மண்ணுக்கு விலை கொடுக்கிறார்கள். மீதி இரண்டையும் இனாமாக எடுத்துக் கொள்கிறார்கள். அந்த மண்ணின் அடியில் கிடைத்த கரியிலிருந்து வந்த மின்சாரத்தில்தான் தென்னாட்டின் நகரங்களில் நாம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓய்வுக் காலக் கணக்கு எழுதுகிறோம்.

இப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். நண்பருக்கு அந்த ஊர் எப்படி மலிவாயிற்று? 2022 ஆரம்பத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய். ஏப்ரலில் அந்நாடு வெளிக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. சில மாதங்களுக்குள் டாலர் 360 ரூபாயாயிற்று. செப்டம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட 70 சதவிகிதம் ஏறியிருந்தது. உணவுப் பொருள்கள் 90 சதவிகிதத்துக்கும் மேல். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் மைல் கணக்கில் வரிசை நின்றது. எழுபது வயதைத் தாண்டிய இருவர் எரிபொருள் வரிசையில் காத்திருந்தபோதே உயிர் விட்ட செய்தி அந்த மார்ச்சில் வந்தது. நண்பர் நோட்டில் 'ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய்' என்று ஒரு வரியில் எழுதியிருப்பது இதைத்தான்.

இன்னும் ஒன்று. 2023 ஜூலை மாதத் தொடக்கத்தில் இலங்கைப் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்க ஒப்புதல் கொடுத்தது. அந்தச் சுமையில் பெரும் பங்கு யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஊழியர் சேமலாப நிதியின் தலையில். தையல் மெஷினில் குனிந்து தேய்ந்தவளும், தேயிலைக் கூடை சுமந்தவளும், ஆபீஸ் குமாஸ்தாவும் வயோதிகத்துக்கென்று மாதந்தோறும் போட்டு வைத்த பணம் அது. அந்த நிதி வாங்கி வைத்திருந்த சர்க்கார் பத்திரங்கள் நீண்ட தவணைக்கும் குறைந்த வட்டிக்கும் மாற்றப்பட்டன. அதே ஜூலை கடைசியில்தான் வளையமாதேவி வயலில் யந்திரம் இறங்கியது. இரண்டு சம்பவங்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் இரண்டிலும் எடுக்கப்பட்டது ஒரே பொருள்: இன்னொருவனுடைய முதுமை.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஓர் ஊர் திடீரென்று மலிவாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அங்கே யாரோ ஒருவருடைய உழைப்போ சேமிப்போ முதுமையோ மலிவாக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டுக் கிழவர் அந்தத் தள்ளுபடியில்தான் சாமான் வாங்குகிறார். வாங்குவது சட்ட விரோதம் அன்று. புத்திசாலித்தனம் என்று நெஞ்சை நிமிர்த்திக் கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'வெளிநாட்டுப் பணம் வந்தால் அந்த ஊர்க் கடைக்காரனுக்கு லாபந்தானே?' என்று கேட்பார்கள். கடைக்காரனுக்கு லாபம். வீட்டுக்காரனுக்கு அதைவிட லாபம். வாடகைக்குக் குடியிருக்கும் உள்ளூர்க் கிழவிக்கு? 2025 ஜூலையில் மெக்ஸிகோ நகரத்தில் ஜனங்கள், அயல்நாட்டார் வந்து குடியேறி வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று ஊர்வலம் போனார்கள். மலிவைத் தேடி வருகிறவன் போகுமிடமெல்லாம் மலிவைத் தின்றுவிட்டு, அடுத்த ஊரைத் தேடிக் கிளம்புகிறான்.

யாழ்ப்பாணத்திலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே ஆங்கிலம் படித்த வாலிபர்கள் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் உத்தியோகம் பார்த்தார்கள். ஓய்வு பெற்றதும் பலர் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். 'மலாயன் பென்ஷனியர்' என்று அவர்களுக்கு ஊரில் தனிப் பெயரே இருந்தது. சம்பாதித்தது ஓரிடம், செலவழித்தது வேறிடம் என்பது அங்கேயும் உண்மைதான். ஆனால் அந்தப் பணம் மலாயாவில் அவர்கள் சிந்திய வியர்வையின் நிலுவைக் கூலி. அதைக் கொண்டு வந்து கொட்டியது தங்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக் கிணற்றிலும். அவர்களுக்கு யாழ்ப்பாணம் ஒருநாளும் 'மலிவான நாடு' ஆகவில்லை. அது ஊர்.

இதையெல்லாம் திரும்பி வரும் வழியில் நண்பரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எல்லாம் சரி, ஸார். எனக்குச் சொந்த ஊர்னு ஒண்ணு இருந்தா நான் ஏன் யாழ்ப்பாணத்தைத் தேடறேன்? எங்க ஊர் இப்போ பள்ளம். எங்க அப்பா நிலம் கொடுத்தார். எனக்கு வேலை கிடைச்சுது. அந்தச் சோத்தைத்தான் முப்பத்தைந்து வருஷம் சாப்பிட்டேன்; குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா, ரிட்டையர் ஆனவன் ஊருக்குப் போவான்னு சொல்றீங்களே, நான் எந்த பஸ்ஸிலே ஏறணும்?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் தெரியாது. ஆனால் அவரைத் திட்டிக் கொண்டிருந்த வாயை மூடிக்கொண்டேன். திட்ட வேண்டிய இடம் வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பென்ஷனுக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் 'உபகாரச் சம்பளம்'. பிறகு 'ஓய்வூதியம்' என்று கௌரவமான பெயர் வைத்தோம். பெயரைத்தான் மாற்றினோம், மனத்தை மாற்றவில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். வறுமையிலுள்ள முதியோருக்கு அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையில் மத்திய சர்க்கார் தன் பங்காக வைத்த தொகை மாதம் 200 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆயிற்று. நிலம் எடுப்பது பற்றிய 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பாருங்கள். வளையமாதேவி நிலங்கள் அதற்கு முந்தியவை. இருந்தாலும், புதிய சட்டத்தின் தயாள குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? பிழைப்பை இழந்த குடும்பத்துக்கு ஒரு வேலை, இல்லாவிட்டால் ஐந்து லட்ச ரூபாய், அதுவும் இல்லாவிட்டால் விலைவாசிக்கு ஏற்ப உயரும்படி மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் இருபது வருஷத்துக்கு. நாற்பது வயதில் நிலத்தை இழந்தவனுக்கு அறுபது வயதில், சரியாக அவன் கை ஓயும் சமயத்தில், அந்தப் பணமும் ஓய்ந்துவிடும்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. நிலம் எடுத்தால், விலையோடு கூட, அந்த நிலத்தில் உழைத்த கிழவனுக்கும் கிழவிக்கும் அவரவர் பேரிலேயே, விலைவாசியோடு ஏறும் ஒரு மாதத் தொகை, அவர்கள் கண் மூடும் வரையில் வரட்டும். மூன்று பிள்ளைகளும் அன்றைக்கே பாகம் பிரிக்க முடியாத பணமாக அது இருக்கட்டும். ஊரையே தோண்டி எடுக்கிற தொழில், ஊர் இழந்தவர்களுக்கும் தன்னிடம் உழைத்து ஓய்ந்தவர்களுக்கும் ஒரே தெருவில் நியாயமான வாடகைக்கு வீடு கட்டிக் கொடுக்கட்டும். மாமனும் மருமகனும் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசட்டும். கரியை எடுக்கும் செலவில் இதையும் ஓர் இனமாகச் சேர்த்தால் மின்சாரத்தின் விலை கொஞ்சம் ஏறலாம். ஏறட்டுமே! இத்தனை நாள் அந்த வித்தியாசத்தை வளையமாதேவித் திண்ணைகள் அல்லவா கட்டிக் கொண்டிருந்தன?

நண்பர் யாழ்ப்பாணம் போகவில்லை. வடலூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடியேறினார். மனைவி மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் மாங்கொட்டையைப் புதைத்திருக்கிறாராம். மாமா மாதத்தில் ஒரு வாரம் அங்கே வந்து தங்குகிறார். அது மட்டும் எந்த மருமகளின் கணக்கிலும் சேராத வாரம்.

ஆனால் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் கிழிக்கப்படவில்லை. வாடகை ஏறும் போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். பார்க்கட்டும். அவரிடம் நான் கேட்டுக்கொள்ளப் போவது ஒன்றுதான். உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தால் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். வரவு, செலவு, வட்டி, வயது என்று இனம் பிரித்து எழுதியிருக்கிறீர்களே, கடைசியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்: 'இது யாருடைய செலவில்?'